அரை விரல் வெளியே

அந்த வார்டில் அலமாரி கிடையாது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு திரை, கட்டிலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மாற்றுத்துணியையோ பிளாஸ்கையோ வைக்க ஒரு மூலைகூட இல்லை. போதாக்குறைக்குக் கட்டில் கால்களில் எல்லாம் சக்கரம். இவர்களுக்கு ஆளைப் படுக்கவைக்கும் யோசனையைவிடக் கிளப்பிவிடும் யோசனைதான் அதிகம் என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

என் வீட்டுக்காரரை அவசரப் பிரிவிலிருந்து தள்ளுநாற்காலியில் கூட்டிவந்த சிஸ்டர் வேறு சிரித்த முகமாக இருந்தார். காலை ஒன்பதரை மணிக்கு, காய்ச்சலில் நடுங்கும் ஒரு மனிதரைத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு எதற்குச் சிரிப்பு? மனசுக்குள் அவருக்குச் ‘சிரிப்பு சிஸ்டர்’ என்று பேர் வைத்துவிட்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இது ஒரு நாள் வார்டு என்று அவர் விளக்கினார். முன்பெல்லாம் இந்த மாதிரி காலில் கிருமி ஏறி வருகிறவர்களை மாடி வார்டில் ஒரு வாரம் போட்டு வைப்பார்களாம். இப்போது இங்கேயே வைத்து நரம்பு வழியாக மருந்து ஏற்றி, ஒரு நாள் கவனித்து, தேறினால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். ஒரு நாளில் எப்படிச் சரியாகும் என்று கேட்டேன்.

“ஒரு நாள்ல சரியாகாதும்மா. சரியாக ஆரம்பிச்சிருச்சான்னு ஒரு நாள்ல தெரிஞ்சிடும். ஆரம்பிச்சிருச்சுன்னா மீதியை வீட்டுலயே பார்த்துக்கலாம்.”

பதில் சுத்தமாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இப்படித் தயாராக வைத்திருக்கும் பதிலை ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்?

எங்களுக்குச் சீட் கவர் கடை. கார், வேன், ஆட்டோ எது வந்தாலும் என் வீட்டுக்காரர் அளவெடுத்து ரெக்சினை வெட்டுவார், நான் தைப்பேன். வெட்டும் மேசைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற கால்கள் அவருடையவை. அதில் வலது கால்தான் இப்போது கணுக்காலிலிருந்து பாதிக் கெண்டைக்கால் வரைக்கும் சிவந்து, வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு கிடந்தது. தொட்டால் சுட்டது. கால் விரல் இடுக்கில் இருந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போய்த் தோலுக்கு அடியில் பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். டாக்டர் ஒரு சின்னப் பெண். என் தங்கை மகளைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். ஒரு வெடிப்புக்கே கால் இப்படி ஆகுமா என்று நான் நம்பாமல் கேட்டதற்கு, பெரும்பாலும் வெடிப்பில்தான் ஆரம்பிக்கும் என்றார்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் பண்ணினாள். ஒரு நாள் வார்டு என்று சொன்னதும் அவள் குரல் மாறிவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஒருவரின் கொழுந்தனை இப்படித்தான் மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்களாம். நாலாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடியபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நாத்தனார் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது என் வழக்கம். ஆனால் காலில் எந்தப் பாதியைக் கழிப்பது?

எதையும் வெளியில் காட்டிக்கொள்ளாத ஆள் இல்லை நான். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். எழுந்து போய் மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருந்த தேதியைப் படித்தேன். சொட்டு சரியாக விழுகிறதா என்று எண்ணினேன். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் கட்டில் எண், வந்த நேரம், போகும் நேரம் என்று கட்டம் போட்டிருந்தார்கள். எங்கள் கட்டில் எண்ணுக்கு நேராக ‘நாளை 10’ என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ஊசி குத்தி அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அனுப்பும் நேரமா என்று சிரிப்பு சிஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். அது டாக்டர் மறுபடியும் வந்து பார்க்கும் நேரம், அப்போதுதான் போகலாமா இருக்கணுமா என்று முடிவாகும் என்றார். அப்படியென்றால் ‘பார்க்கும் நேரம்’ என்று எழுதவேண்டியதுதானே என்றேன். அதற்கும் சிரித்தார்.

பிறகு ஒரு கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தை ஒட்டியே காலைச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்குப் பக்கத்தில் 10.20 என்று நேரம் எழுதினார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தம், கோட்டுக்குள்ளே சுருங்கினால் கேட்கிறது என்று அர்த்தம் என்றார். அவ்வளவுதானா கணக்கு என்று கேட்டேன். காய்ச்சல், ரத்தம், வலி எல்லாம் பார்ப்போம், ஆனால் கோடுதான் கண்ணுக்குத் தெரிகிற சாட்சி என்றார்.

சாட்சி என்றதும் நான் குனிந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் முன்னங்காலில் மிளகு அளவு ஒரு மச்சம் உண்டு. கோடு அந்த மச்சத்துக்குக் கீழே, ஒரு நெல் அளவு இடம் விட்டுப் போயிருந்தது. அதை மனசில் குறித்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

“இந்தக் கோடு ஒரு நூல் நகர்ந்தாலும், ஒரு இடத்துல அழிஞ்சாலும் எனக்குத் தெரியும் சிஸ்டர். அப்புறம் நான் யாரையும் சும்மா விடமாட்டேன்.”

“நல்லதும்மா. நீங்களும் ஒரு கண்ணு வச்சுக்கோங்க,” என்றார் அவர். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வேன் டிரைவர். அவருக்கும் கால்தான், இடது. முந்தின நாள் வந்தவராம். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். நல்லா பாக்குறாங்கம்மா, கவலைப்படாதீங்க என்று அவராக வந்து என்னிடம் சொன்னார். நான் கேட்காமலே எதற்குச் சொல்கிறார்? உங்கள் சொந்தக்காரர் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா என்று விசாரித்தேன். மனிதர் இல்லை என்று சொல்லி நொண்டிக்கொண்டே போய்விட்டார். அவர் போன பத்தாவது நிமிடம் அந்தக் கட்டிலில் வேறு ஒரு அம்மா. விரிப்பு மாற்றினார்களா என்று எட்டிப் பார்த்தேன். மாற்றித்தான் இருந்தார்கள்.

சாயங்காலம் வேறு சிஸ்டர் வந்தார். அவர் கோட்டைப் பார்த்து, மாறவில்லை, அப்படியே இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். நானும் மச்சத்தைப் பார்த்தேன். நெல் அளவு இடம் அப்படியே இருந்தது. ஏழு மணிக்குத் துணைக்கு வந்தவர்கள் கிளம்பவேண்டும் என்றார்கள். எதற்குக் கிளப்புகிறார்கள், நான் இல்லாதபோது என்ன செய்யப்போகிறார்கள் என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை. காலைப் போர்வையால் மூடியிருந்தார். வலி எப்படி என்றதற்குப் பரவாயில்லை என்றார். டீ எப்படி என்றதற்கும் பரவாயில்லை என்றார். ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன், ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார். வீட்டுக்குப் போகும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் வந்தார். கூடவே சிரிப்பு சிஸ்டர், கையில் டிஸ்சார்ஜ் காகிதம். போர்வையை விலக்கினார்கள். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், கோட்டை ஒரு சுற்று பார்த்தார். சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருக்கிறது, காய்ச்சலும் இறங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார். ஏழு நாள் மாத்திரை, காலை உயர்த்தி வைக்கவேண்டும், இரண்டு நாள் கழித்து வந்து காட்டவேண்டும். சிஸ்டர் காகிதத்தை நீட்டினார்.

நான் காகிதத்தை வாங்கவில்லை. மச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வெளியே இருந்த மச்சம் இன்றைக்குக் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

“நேத்து இந்த மச்சம் கோட்டுக்கு வெளிய இருந்துச்சு. இன்னிக்கு உள்ள வந்திருக்கு. மச்சம் நடந்து வந்துச்சா சிஸ்டர்?”

வார்டில் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அது போதாது. கட்டிலைக் காலி பண்ண வேண்டுமென்றால் நேராகச் சொல்லவேண்டியதுதானே, கோட்டை வெளியே தள்ளிப் போட்டு ஒரு மனுஷனின் காலோடு விளையாடுவீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னவெல்லாமோ கேட்டேன். சிரிப்பு சிஸ்டரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நான் கோட்டைத் தொடவே இல்லைம்மா என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை குரல் உடைந்தது. டாக்டர் அவரைப் பேசவேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, என் வீட்டுக்காரரிடம், யாராவது வந்து மறுபடி வரைந்தார்களா என்று கேட்டார்.

“தெரியலைங்க. தூங்கிட்டேன்,” என்றார் அவர்.

டாக்டர் என்னை நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. மச்சம் விஷயத்தில் ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இருந்தாலும் ராத்திரி டியூட்டி பார்த்தவர்களிடம் கேட்டுவிடுகிறேன் என்று சொல்லி, வார்டின் நடுவில் இருந்த மேசைக்குப் போய் போனை எடுத்தார். சிஸ்டரும் பின்னாலேயே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிர்க்கட்டிலில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டி, அப்படித்தான் கேட்கவேண்டும் என்றாள். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. சொன்னதை நிரூபிக்க ஆதாரம் வேண்டுமே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் படம் எடுக்கக் குனிந்தேன். தெளிவாக விழட்டும் என்று படத்தைப் பெரிதாக்கினேன்.

கோடு வளையும் இடங்களில் எல்லாம் ஒரு சின்னக் குறுக்குக் கீறல் இருந்தது.

அந்தக் கீறல் எனக்குத் தெரியும். ரெக்சினில் வளைவு வரும் இடத்தில், மேல் துண்டும் கீழ்த் துண்டும் எங்கே ஒன்றோடொன்று சேரவேண்டும் என்று தைக்கிறவருக்குக் காட்டுவதற்காகப் போடும் கீறல் அது. இருபத்தாறு வருஷமாக அந்தக் கீறலைப் பார்த்துத்தான் நான் மெஷினை ஓட்டுகிறேன். உலகத்தில் எந்த நர்சும் காலில் கோடு போடும்போது அதைப் போடமாட்டாள். நேரம் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தேன். 10.20 என்று அப்படியே இருந்தது, ஆனால் இரண்டுக்கு வால் இழுத்திருந்த விதம் எங்கள் கடை அளவுச் சீட்டில் இருக்கும் விதம்.

இது என் வீட்டுக்காரர் கை என்றால், இன்னொன்றும் உண்டு. அவர் கை எப்போதும் அளவின் மேல் கோடு போடாது. தையலுக்கு இடம் வேண்டும் என்பதால் உண்மையான அளவுக்கு அரை விரல் வெளியேதான் போடும். அவர் யோசித்துச் செய்வது இல்லை. கடைப் பையன் கேட்டால்கூட, நான் வெளியே போடுகிறேனா என்று அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். நானும் சொல்லித் தெரிந்துகொண்டதில்லை. அவர் கோட்டிலிருந்து அரை விரல் உள்ளே என் ஊசி தானாக இறங்கும்.

இப்போதும் என் கண் தானாக அரை விரல் உள்ளே போனது. ராத்திரி அவர் கோடு போட்டபோது சிவப்பின் ஓரம் அங்கேதான் இருந்திருக்கவேண்டும். இப்போது சிவப்பு அந்த அரை விரலையும் நிரப்பிக்கொண்டு, கோட்டைத் தொட ஒரு நூல் பாக்கியாக நின்றது. ஒரே ராத்திரியில் அரை விரல். காய்ச்சல் இறங்கியது வலிக்குக் கொடுத்த மாத்திரையால் இருக்கும். மருந்து கேட்கவே இல்லை.

“நீங்களா?” என்று கேட்டேன்.

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடப் பார்த்தார். சட்டைப் பையில் ரெக்சினுக்குக் குறி போடும் கறுப்புப் பேனா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பேனா இல்லாமல் அவர் வீட்டை விட்டு எங்கேயும் கிளம்பமாட்டார்.

மேசைப் பக்கம் டாக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி டியூட்டியில் இருந்தவர்கள் யாரும் வரையவில்லை என்றுதான் சொல்லப்போகிறார்கள். டாக்டர் திரும்பி வந்து, உங்கள் ஞாபகப் பிசகு என்பார், காகிதம் தயாராகத்தான் இருக்கிறது. இல்லையென்றால் அந்தச் சிஸ்டர்மேல் ஒரு விசாரணை வரும். எது நடந்தாலும் இந்தக் கால் வீட்டுக்கு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நான் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போகலாமே என்று ஒரு நொடி யோசித்ததை மறைக்க விரும்பவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் கத்திவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் அதை விழுங்குவது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. எதிர்க்கட்டில் அம்மா வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து மேசைக்குப் போனேன்.

“டாக்டர், போனை வச்சிடுங்க. கோட்டை மாத்தினது எங்க வீட்டுக்காரர்தான். சிஸ்டர் ஒண்ணும் பண்ணலை. அவரை வீட்டுக்கு அனுப்பாதீங்க, சிவப்பு ஏறியிருக்கு.”

டாக்டர் கட்டிலுக்கு வந்தார். நான் கீறலைக் காட்டினேன், அரை விரல் கணக்கைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஆனால் அந்தச் சின்னப் பெண் சிரிக்கவில்லை. அரை விரல்தான் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

“நான் எல்லாத்தையும் ரெண்டு தடவை அளந்து பார்க்கிறவ டாக்டர். அவர் கோட்டை மட்டும் அளந்ததே இல்லை. அது தப்பினதே இல்லை.”

டாக்டர் அந்த இடத்தை என்னையே வரைந்து காட்டச் சொல்லி, சிஸ்டரிடம் பேனா கேட்டார். சிஸ்டர் அதை என் கையில் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். நான் என் வீட்டுக்காரர் போட்ட கோட்டுக்கு உள்ளே, அரை விரல் தள்ளி, என் ஊசி போகும் பாதையில் ஒரு கோடு போட்டேன். டாக்டர் அளவு நாடா வைத்து இரண்டு கோட்டுக்கும் இடையே அளந்தார். முதல் நாளில் சிவப்பு கொஞ்சம் பரவுவது உண்டு, ஆனால் சாயங்காலம் அடங்கி நின்றது ராத்திரி இவ்வளவு ஏறியது சரியில்லை என்றார். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். மருந்தை மாற்றவேண்டும், மாடி வார்டில் நாலைந்து நாளாவது இருக்கவேண்டும் என்றார். கால் போய்விடுமா என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். இப்போதே தெரிந்துவிட்டதால் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், வீட்டுக்குப் போயிருந்தால் நான் இப்படிச் சொல்லமுடியாது என்றார். டிஸ்சார்ஜ் காகிதத்தை நாலாக மடித்துத் தன் வெள்ளை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, சரியாக வரவில்லை. தப்பாகப் பேசிவிட்டேன் சிஸ்டர் என்றேன். பரவாயில்லைம்மா என்றார். சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நேற்று முழுக்க அந்தச் சிரிப்பைச் சந்தேகப்பட்டேன், இப்போது அது இல்லாதது உறுத்தியது.

மாடிக்குக் கூட்டிப்போக ஆள் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் திரைக்குள்ளே இருந்தோம். நான் திட்டுவேன் என்று அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டேன். அவரும் மெதுவாகச் சொன்னார். நான் போனபிறகு கழிவறைக்குப் போயிருக்கிறார். கால் எரிச்சலாக இருந்திருக்கிறது. அங்கே சுவரில் கை கழுவும் ஸ்பிரிட் இருந்திருக்கிறது. சில்லென்று இருக்குமே என்று காலில் ஊற்றித் தேய்த்திருக்கிறார். ரெக்சினில் பட்ட மையை அதே ஸ்பிரிட்டை வைத்துத்தான் துடைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஊற்றியபிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. அதற்குள் கோடு போய்விட்டது.

“அப்பவே சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவங்க திட்டுவாங்கன்னு பயமா?”

“அவங்க எதுக்குத் திட்டப்போறாங்க. இன்னொரு கோடு போட்டுட்டுப் போயிருப்பாங்க.” காலுக்கு அடியில் இருந்த தலையணையைச் சரிசெய்துகொண்டார். “காலையில நீ வருவே. கோடு மாறியிருக்கிறதப் பார்ப்பே. அந்தப் பொண்ணை நிக்கவச்சுக் கேள்வி கேப்பே. அதுக்குப் பயந்துதான் நானே போட்டேன். இருந்த மாதிரியே இருக்கட்டும்னு.”

“கடைசியில அதுதானே நடந்துச்சு.”

“ஆமா,” என்றார்.

அவருடைய காலை எல்லோரிடமிருந்தும் காப்பாற்றுகிறேன் என்று நேற்றுக் காலையிலிருந்து காவல் இருந்தவள் நான். மருந்துத் தேதியிலிருந்து படுக்கை விரிப்பு வரைக்கும் சந்தேகப்பட்டேன். அந்தக் கால் போகப் பார்த்தது என்னால்.

சத்தம் வராமல் அழுதேன். அவர் கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார். அதிலே எனக்கு இன்னும் அழுகை வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் வேறு ஏதாவது சொல்லாமல் இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். திருட்டு முழி என்று நான் சொல்லிக் காட்டாத உறவுக்காரர் இல்லை. என்ன சொன்னால் நான் கத்தமாட்டேன் என்று தேடுகிற முழி அது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

“ஒண்ணும் இல்லை,” என்றார்.

இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வழக்கமாக என்றால் உலுக்கி எடுத்திருப்பேன். திரையை விலக்கிப் பார்த்தேன். சிஸ்டர் அடுத்த கட்டிலில் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் தோள் இறுகியது.

“சிஸ்டர், அவர் எதையோ மறைக்கிறார். என்கிட்ட சொல்லமாட்டார். நீங்க கேளுங்க, உங்ககிட்ட சொல்லுவார். நான் வெளிய இருக்கேன்.”

சிஸ்டர் உள்ளே போனார். நான் திரையை இழுத்து மூடினேன். எத்தனை நாளாகக் காலில் தொந்தரவு என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. விரல்களில் எல்லாம் போன வருஷத்திலிருந்தே உணர்ச்சி இல்லை என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். கத்தரி விழுந்ததுகூடத் தெரியாமல் செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். எந்தக் கத்தரி, எந்த நாள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உதட்டைக் கடித்துக்கொண்டு, வார்த்தை புரியாத தூரத்துக்கு, ஜன்னல் பக்கம் நகர்ந்து போய் நின்றேன். சிஸ்டர் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. மாடிக்குக் கூட்டிப்போக ஆள் வந்து காத்துக்கொண்டிருந்தபோதும், திரைக்கு உள்ளே என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே இருந்தார்.